அத்தி இலை வாசம்: ஒரே கை செய்த இரண்டு புட்டிகள்

பச்சை அத்தி இலையைக் கசக்கினால் எழும் வாசத்தைத் தேடித்தான் நான் இந்த வாசனைத் திரவியங்கள் பக்கம் வந்தேன். (நம்மூர் அத்தி வேறு மரம், இங்கே பேச்சு சீமை அத்தியைப் பற்றி.) வந்ததும் ஓர் ஏமாற்றம்: புட்டிக்குள் அந்த இலை இல்லை. அத்தி இலையிலிருந்து எடுக்கும் சாரத்தில் சோரலன் வகைச் சேர்மங்கள் உள்ளன. அது தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் புண்ணாகிவிடும். அதனால் சர்வதேச நறுமணச் சங்கமான இஃப்ரா அதைத் தடை செய்திருக்கிறது. பச்சை வாசத்துக்கு ஸ்டெமோன், தேங்காயை நினைவூட்டும் பால் வாசத்துக்குக் காமா ஆக்டாலாக்டோன் என்று ஆய்வகப் பொருள்களைக் கொண்டே மரத்தை எழுப்புகிறார்கள். இலையா, பாலா என்பதில்தான் போட்டி.

வேடிக்கை என்னவென்றால், முக்கியமான இரண்டு போட்டியாளர்களையும் செய்தவர் ஒருவரே. வாசனைக் கலைஞர் ஒலிவியா ஜாகோபெத்தி 1994இல் லார்டிசான் பர்ஃப்யூமர் என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்காக ‘ப்ரமியே ஃபிகியே’யை உருவாக்கினார். 1996இல் டிப்டிக் என்ற இன்னொரு பிரெஞ்சு நிறுவனத்துக்காக ‘ஃபிலோசிகோஸ்’ வந்தது.

ப்ரமியே ஃபிகியே பால் பக்கம் சாய்கிறது. தொடக்கத்தில் இலை கொஞ்சம் கசக்கிறது. அரை மணிக்குள் பாதாம் பாலும் தேங்காய்ப் பாலும் சந்தனமும் சேர்ந்து அதை மூடிவிடுகின்றன. இனிமைதான், ஆனால் எனக்குப் பாயசக் கிண்ணத்தை முகர்வது போலிருந்தது.

ஃபிலோசிகோஸ் என்றால் கிரேக்கத்தில் அத்திப் பிரியர். கிரேக்கத்தின் பெலியோன் மலையில் டிப்டிக் நிறுவனர்கள் கழித்த கோடையின் நினைவு அதில் இருக்கிறது. தேங்காய் இதிலும் உண்டு, ஆனால் பின்வரிசையில். முன்னால் நிற்பது காம்பை ஒடித்தால் கசியும் பாலின் கசப்பும், வெயிலில் காய்ந்த கட்டையின் வறட்சியும். இலைக்காக வாங்குபவர் இதையே எடுக்கலாம். அதிலும் ஓ டி டாய்லெட் என்ற, செறிவு குறைந்த வடிவம். செறிவு கூடிய ஓ டி பர்ஃப்யூமில் மரக்கட்டை இலையை மிதித்துவிடுகிறது. குறை ஒன்று உண்டு: என் மணிக்கட்டில் மதியச் சாப்பாடு வரைகூட அது தங்கவில்லை.

மூன்றாவதாக எல்லோரும் சொல்வது, 2003இல் ஹெர்மேஸ் நிறுவனத்துக்காக வாசனைக் கலைஞர் ஜான் குளோட் எலெனா செய்த ‘அன் ஜார்தான் ஆன் மெதித்தெரானே’. ஹெர்மேஸ் கடையின் காட்சி ஜன்னல்களை அலங்கரித்த லைலா மென்ஷாரியின் துனீசியத் தோட்டத்திலிருந்து பிறந்தது. அழகான வாசம். ஆனால் எலுமிச்சை வகைப் பழங்களுக்கும் ஆரஞ்சுப் பூவுக்கும் நடுவே அத்தி ஒரு மரம், அவ்வளவே. அதன் நிழலில் உட்காரலாம். இலையைக் கசக்க முடியாது.