பழைய ஆட்டோலோடு: வைத்துக்கொள்வதா, அணைப்பதா?

லினக்ஸில் ஆட்டோலோடு என்று நெடுநாளாக ஒரு வழக்கம் உண்டு. சாதனங்களுக்கான கோப்புகள் இருக்கும் டெவ் அடைவில் (/dev) ஒரு கோப்பைத் திறந்தால் போதும். அதற்கான பிளாக் சாதனம் (டிஸ்க் போன்றது) இன்னும் உருவாகாவிட்டாலும், லினக்ஸின் மையமான கெர்னல் அந்தக் கோப்பின் சாதன எண்ணைப் பார்த்து, வேண்டிய மாட்யூலை (கெர்னலோடு சேரும் நிரல் துண்டு) ஏற்றி, சாதனத்தையும் உண்டாக்கிவிடும். 2022இல் வந்த கெர்னல் 5.18 பதிப்பு இதை, கம்பைல் செய்யும்போது வைக்கவோ அணைக்கவோ கூடிய தனித் தேர்வாகப் பிரித்தது. முதலில் சீக்கிரமே தூக்கிவிடத்தான் நினைத்தார்கள். பழைய ஸ்கிரிப்டுகள் இடறியதால் ‘ஆம்’ என்பதையே இயல்புநிலையாக்கினார்கள். என்னைக் கேட்டால் அதுதான் நியாயம்.

பாளையங்கோட்டையில் ஒரு போட்டோ ஸ்டுடியோ சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு டிஸ்க், ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே நகல்), ஆவணி முகூர்த்தப் படங்கள் மொத்தமும் அதில். கெர்னலைச் சொந்தமாகக் கம்பைல் செய்து இந்தத் தேர்வை அணைத்துவிட்டீர்கள். ரெய்டை நிர்வகிக்கும் கருவியான எம்டிஆட்ம் (mdadm) மட்டும் பழையது. அரேக்கு (டிஸ்க்குகள் சேர்ந்த தொகுப்பு) எண்ணோ பெயரோ கொடுக்காமல் கருவியையே தேர்ந்தெடுக்கச் சொன்னால், பழைய எம்டிஆட்ம் சாதனக் கோப்பைத் திறந்துதான் அரேயை உருவாக்கும். இப்போது அது நடக்காது. டிஸ்க் இரண்டும் நல்லா இருக்கும், அரே மட்டும் எழும்பாது. “தம்பி, போன வாரக் கல்யாணத்தையே காணோமே” என்று போன் வரும். பிற்காலத்து எம்டிஆட்ம் முதலிலேயே கெர்னலிடம் கேட்டு அரேயை உருவாக்கிக்கொள்வதால் இந்தச் சிக்கல் இல்லை.

சரி, அணைப்பதில் என்ன லாபம்? இருக்கிறது. அரேயை நிறுத்தியதும், சாதனக் கோப்புகளைக் கவனிக்கும் யுடெவ் (udev) அதே கோப்பை எட்டிப் பார்க்கும். திறந்த மாத்திரத்தில் காலி அரே ஒன்று மறுபடி முளைக்கும். வாசல் கதவைச் சாத்தினாலும் தள்ளியவுடன் திறப்பது போல. இந்தத் தொல்லையை ஒழிக்க வேண்டும் என்று கெர்னல் ஆட்கள் சொல்வது சரியே. யுடெவ்வே தேவைப்படும்போது கோப்பை உருவாக்கும் காலத்தில், திறந்தால் பிறக்கும் சாதனம் தேவையில்லாத பாரம்.

ஒரு கோப்பையே டிஸ்க் போலக் காட்டும் லூப் சாதனத்தின் பக்கம் கதை எளிது. எம்கேநாட் (mknod) கட்டளையில் 7, 8 என்று சாதன எண்களைக் கொடுத்துக் கையால் கோப்பு போட்டு, லூப்பை அமைக்கும் லாஸ்செட்அப் (losetup) ஓட்டும் ஸ்கிரிப்டு, தேர்வு அணைந்திருந்தால் சாதனம் இல்லை என்று நின்றுவிடும். லூப் சாதனத்தைக் கெர்னலிடம் கேட்டு வாங்க உதவும் லூப்-கன்ட்ரோல் 2011இலேயே கெர்னல் 3.1 பதிப்பில் வந்துவிட்டது. லாஸ்செட்அப்பை ‘-எஃப்’ போட்டு ஓட்டினால் காலி எண்ணை அதுவே தேடித் தரும். இதை மாற்றாமல் வைத்திருக்கக் காரணமே இல்லை.

ஆகவே கல்லூரி லேபில் புதிதாகப் போடும் கணினிகளில் அணைத்துவிடுங்கள். மாணவர்கள் தொடக்கத்திலேயே புது வழியில் பழகட்டும். ரெய்டு ஓடும் ஸ்டுடியோவிலும் அச்சகத்திலும் வைத்திருங்கள். அப்புறம் கெர்னல் செய்திப் பதிவான டிமெஸ்ஜைத் (dmesg) திறந்து, ஆட்டோலோடு கைவிடப்படும் என்ற எச்சரிக்கை விழுந்திருக்கிறதா பாருங்கள். விழுந்திருந்தால் அதைத் தூண்டிய ஸ்கிரிப்டைக் கண்டுபிடித்துத் திருத்துங்கள். அந்த வரி நின்றபிறகு அணைத்தால் போதும், அதுவும் முகூர்த்த மாதம் அல்லாத ஒரு நாளில்.