வெட்டி வந்த பலகையில் ஒரு மூடிய சப்வூஃபர் பெட்டி

பலகைகளை அளவாக வெட்டி அனுப்பிவிடுவார்கள், ஒட்டுவது மட்டும் நம் வேலை என்கிற வகைப் பெட்டி இது. 12 அங்குல டிரைவருக்கானது (பேஸ் ஒலியை எழுப்புகிற ஸ்பீக்கர்), 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), போர்ட், அதாவது காற்று போய்வரும் துளை, கிடையாது. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்: வெட்டு அருமை. ஓரங்கள் இம்மி பிசகாமல் பொருந்தின. நானே ரம்பத்தோடு உட்கார்ந்திருந்தால் இந்த நேர்த்தி வந்திருக்காது, எம்டிஎஃப் தூசியை வேறு வாரக்கணக்கில் கூட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

ஆனால் '12 அங்குலத்துக்கு ஏற்றது' என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். அங்குலத்தை வைத்துப் பெட்டியின் கொள்ளளவைச் சொல்லவே முடியாது. என் டிரைவரின் தாளில் எஃப்எஸ் (அதன் இயல்பான அதிர்வெண்) 24 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் (அதிர்வு எவ்வளவு அடங்கி நிற்கிறது என்பதற்கான எண்) 0.45, விஏஎஸ் (டிரைவரின் தொங்கலுக்கு ஈடான மீள்தன்மை உள்ள காற்றின் அளவு) 60 லிட்டர். மூடிய பெட்டியில் டிரைவரும் பெட்டியும் சேர்ந்த மொத்த க்யூ 0.707 இருந்தால் பேஸ் துருத்தாமல் சீராக இறங்கும், அதைத்தான் குறி வைத்தேன். 0.707ஐ 0.45ஆல் வகுத்து, வர்க்கமாக்கி, அதில் ஒன்றைக் கழித்து, வந்த எண்ணால் விஏஎஸ்ஸை வகுத்தால் சுமார் 41 லிட்டர். பெட்டியின் உள்ளளவு 38க்கு 38க்கு 30 சென்டிமீட்டர், 43 லிட்டருக்குச் சற்று மேல்; டிரைவரின் பின்பகுதியும் குறுக்குச் சட்டமும் அடைக்கிற இடம் போக ஏறக்குறைய அதே கணக்கு. எனக்கு அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

இனி குறை. எல்லாம் ஒட்டிக் காயவைத்து, 20 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டதும் பின்னாலிருந்து 'உஸ் உஸ்' என்று பாம்பு மாதிரி ஒரு சத்தம். மூட்டுகள்தான் கசிகின்றன என்று நினைத்து டிரைவரைக் கழற்றி, உள்ளே ஒவ்வொரு மூலையிலும் பசையை இழுத்து, மறுநாள் மாட்டினால் அதே உஸ். கடைசியில் பார்த்தால் ஸ்பீக்கர் வயர் மாட்டுகிற டெர்மினல் கிண்ணம்! அதன் அடியில் வைக்க ஒரு ரப்பர் வளையம்கூட அனுப்பவில்லை. மூடிய பெட்டியில் உள்ளே இருக்கும் காற்றுதான் கோனுக்கு (டிரைவரின் அதிரும் கூம்பு) ஸ்பிரிங், அது கசிந்தால் போட்ட கணக்கெல்லாம் வீண். ஃபோம் டேப் சுற்றித் திருகியதும் அடங்கியது. (சிலிக்கான் பூசுவதாக இருந்தால் வினிகர் வாடை முழுக்கப் போன பிறகு டிரைவரை மாட்டுங்கள், அந்த ஆவி பட்டுப் பாழாகிற பாகங்கள் அதில் உண்டு.)

சத்தம் எப்படி என்றால், டிரம் அடி விழுந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது, பின்னால் இழுவை இல்லை. 38 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும், 12 டெசிபல் வீதம்தான் குறைகிறது, சுவர் மூலையில் வைத்தால் அதிலும் கொஞ்சம் திரும்பக் கிடைக்கிறது. போர்ட் பெட்டி தன் டியூனிங்குக்கு (போர்ட் ஒத்ததிரும் அதிர்வெண்) கீழே 24 டெசிபல் வீதம் சரியும். ஆனால் வீடே அதிர வேண்டும் என்பவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும், இது அவர்களுக்குப் போதாது.

பாலியஸ்டர் பஞ்சு கொஞ்சம் கூடவே தருகிறார்கள், உதறித் தளர்த்திப் போடுங்கள். கிளாம்ப் மட்டும் ஆறு தேவைப்படும். பெட்டியோடு ஒன்றுகூட வராது.