பாளையங்கோட்டை பிரிண்டிங் கடை: பிராங்க்ளின் பயண வரைபடம் அடித்துக் கொடுத்தார்கள்

மார்க்கெட் பக்கம் இருக்கும் இந்தக் கடைக்குக் கல்யாண பேனர், கொடை பேனர் அடிக்கத்தான் அதிகம் பேர் வருகிறார்கள். நான் கொண்டுபோனது எங்கள் பள்ளி புவியியல் அறைக்கான சுவர் வரைபடம். 1845-இல் ஜான் பிராங்க்ளின் தலைமையில் எரிபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களில் அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகும் வடமேற்குக் கடல்வழி தேடிப் போய், கனடாவின் வடக்கே பனிக்கட்டியில் சிக்கி, ஒருவர்கூடத் திரும்பாத 129 பேரின் பாதை அது. 6க்கு 4 அடி, பெயரெல்லாம் தமிழில்.

மூலையில் ஒரு தாளின் படம் வைக்கச் சொன்னேன். 1847 மே 28-இல் 'எல்லாரும் நலம்' என்று எழுதிக் கிங் வில்லியம் தீவில் அவர்கள் வைத்த தாள். அடுத்த ஏப்ரலில் அதே தாளின் ஓரத்தைச் சுற்றி மீதியை எழுதினார்கள். 1846 செப்டம்பரிலிருந்து பனியில் மாட்டிக் கிடந்த கப்பல்களைக் கைவிட்டாயிற்று. பிராங்க்ளின் 1847 ஜூன் 11-இல் இறந்துவிட்டார். அவரையும் சேர்த்து 24 பேர் போய்விட்டார்கள். மிச்சமுள்ள 105 பேர் நாளை தெற்கே, கனடா நிலப்பகுதியிலுள்ள பேக் ஆற்றை நோக்கிப் புறப்படுகிறோம். 'நலம்' என்று எழுதிய இரண்டே வாரத்தில் தலைவர் இல்லை! அந்த ஓரத்து எழுத்தைப் பிள்ளைகள் கிட்டே நின்று படிக்க முடியவேண்டும், எனக்கு அதுதான் முக்கியம்.

முடிகிறது. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்திருக்கிறது.

டிசைன் பார்க்கும் பெண்ணைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஃபைல் கொடுத்த அன்றே போன் செய்து, "ஸார், இந்தத் தாள்ல பீச்சி தீவுல இருந்தது 1846-47 குளிர்காலம்னு போட்டிருக்கு, உங்க படத்துல ஒரு வருஷம் முந்தியில்லா இருக்கு?" என்று கேட்டார். பிழை அந்தத் தாளிலேயே உள்ளது. கப்பல்கள் முதல் குளிர்காலத்தைக் கழித்த இடம் பீச்சி தீவு; அங்கே இறந்துபோன மூன்று பேரின் கல்லறைகளில் 1846 ஜனவரி, ஏப்ரல் என்றுதான் தேதி இருக்கிறது. சொன்னதும், படத்தின் கீழே சின்னதாக ஒரு குறிப்புப் போடலாமே என்று அவரே யோசனை சொன்னார். பேனர் கடையில் இப்படி வாசித்துப் பார்த்து வேலை செய்கிறவர் கிடைப்பது பெரிய விஷயம்.

குறைகளும் உண்டு. முதலில் அடித்ததில் பனிக்கடல் நீச்சல்குளம் மாதிரி நீலமாக வந்தது. காட்டியதும், காசு கேட்காமல் சாம்பல் கலந்த வெள்ளையில் மறுபடி அடித்தார்கள். அப்புறம், ஆனித் தேரோட்டச் சமயம் என்பதால் மெஷின் முழுக்கத் திருவிழா பேனர்தான். சொன்ன தேதி தாண்டியும் ஒரு போன் இல்லை, நான்தான் போய்க் கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி இதைச் சரிசெய்யவேண்டும்.

மேட் வினைலில் அடித்து, சன்போர்டு என்ற லேசான ஃபோம் பலகையில் ஒட்டி, கிட்டத்தட்ட ஆயிரத்து ஐநூறு ரூபாய் ஆனது. பிளெக்ஸ் மலிவுதான், ஆனால் டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளத்து எழுத்து தெரியாது. யூனிகோடில் கொடுக்கும் தமிழ் அவர்கள் எழுத்துருவுக்கு மாறும்போது கொம்பும் காலும் இடம் மாறலாம், ப்ரூஃபை வரிவரியாகப் பாருங்கள். வண்ணம் முக்கியமென்றால் அதே வினைலில் ஒரு சாண் துண்டு அடித்துக் காட்டச் சொல்லுங்கள், மறுக்கமாட்டார்கள்.