வாதக் கட்டுரைக்கு எந்தத் தொகுப்பு நூல்?

வாதக் கட்டுரை எழுதப் பயிற்றுவிக்கும் தொகுப்பு நூல்கள் பெரும்பாலும் இரண்டு வகையில் அடங்கும். ஒரு பொருளுக்குச் சார்பாக ஒன்றும் எதிராக ஒன்றுமாகக் குறுங்கட்டுரைகளை இணைத்துத் தருவது முதல் வகை. ஒரு மறுமொழியையும் அதை எழுதத் தூண்டிய மூல உரையையும் சேர்த்து முழுமையாகத் தருவது இரண்டாம் வகை. முதல் வகையை இரண்டு பருவங்கள் வைத்துப் பாடம் நடத்திவிட்டு இரண்டாவதற்கு மாறியவன் நான். ஆகவே என் சாய்வை மறைப்பதற்கில்லை.

முதல் வகைக் கட்டுரைகள் சிறியவை, ஒரே வகுப்பில் முடிந்துவிடும், பொருளும் மாணவர்களுக்குப் பழக்கமானது. அன்றாடச் செய்தியைச் சார்ந்தவை என்பதால் சில ஆண்டுகளில் பழசாகிவிடும் என்பது தெரிந்த குறைதான்.

என்னை மாறவைத்தது வேறொன்று. அந்த இணைகளில் இருவரும் ஒருவரையொருவர் படித்தவர்கள் அல்லர்; தனித்தனியே எழுதியவற்றைத் தொகுப்பாசிரியர் அருகருகே வைத்திருக்கிறார். நன்னூல் கூறும் எழுவகை மதங்களில் (அதாவது, பிறர் கருத்தை எதிர்கொள்ளும் நிலைப்பாடுகளில்) ‘இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு’, அதாவது இருவர் மாறுபடும்போது ஒரு பக்கத்தைத் தேர்வது என்பதற்கு மட்டுமே இது பயிற்சியாகிறது. பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின் மறுக்கும் ‘பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு’ என்னும் கடினமான வேலைக்கு அங்கே இடமே இல்லை. விளைவாக, ‘சிலர் இவ்வாறு கூறுவர், வேறு சிலர் அவ்வாறு கூறுவர், நான் முன்னவர் பக்கம்’ என்ற வார்ப்பிலேயே கட்டுரைகள் வந்து குவிந்தன.

இரண்டாம் வகை நூலுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1963 ஏப்ரலில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதம், அவருடைய போராட்டத்தைக் குறைகூறி அலபாமாவின் எட்டுச் சமயத் தலைவர்கள் வெளியிட்ட அறிக்கைக்கு எழுதப்பட்ட மறுமொழி. கடிதத்தை மட்டும் படிக்கும் மாணவருக்கு அது சிறந்த சொற்பொழிவாகத் தோன்றும். அறிக்கையையும் உடன் படிப்பவரோ, பேச்சுவார்த்தை வேண்டும் என்ற அவர்கள் கருத்தைக் கிங் முதலில் சரியென ஏற்றுக்கொண்டு, அந்தப் பேச்சுவார்த்தைக்கு வழிசெய்வதே தம் போராட்டத்தின் நோக்கம் என்று திருப்புவதைக் காண்பார். சட்டம் எதுவாயினும் பணிய வேண்டும் என்ற, அறிக்கைக்கு அடியில் கிடக்கும் எடுகோளை, நீதியான சட்டம், அநீதியான சட்டம் எனப் பிரித்து அவர் தகர்ப்பதும் அப்போதுதான் புலப்படும். சான்றையும் முடிபையும் இணைக்கும் இத்தகைய எடுகோளை மெய்யியலாளர் ஸ்டீபன் டூல்மின் 1958இல் வாதத்தின் ஆறு உறுப்புகளுள் ஒன்றாக வகுத்தார். அதை விளக்கிச் சொல்லி நான் வெற்றி கண்டதில்லை. எதிராளி அதன்மேல் கை வைக்கும்போது மாணவர்கள் தாமே கண்டுகொள்கிறார்கள்.

ஆனால் இந்த வகை நூல்களிலும் இடம் கருதி மூல உரையைச் சுருக்கியோ நீக்கியோ விடுவதுண்டு; பொருளடக்கத்தைப் பார்த்து வாங்குவது போதாது, பக்கங்களைப் புரட்டியே ஆக வேண்டும். நீண்ட உரைகளுக்கு வரலாற்றுப் பின்னணியும் சொல்லியாக வேண்டியிருப்பதால் பருவத்துக்கு நான்கு இணைகளுக்கு மேல் எனக்கு ஓடுவதில்லை. என் அனுபவம் ஓரளவு வாசிப்புப் பழக்கமுள்ள மாணவர்களோடு மட்டுமே. தொடக்க நிலையினரிடம் இது எடுபடும் என்று உறுதி கூற மாட்டேன். என் வகுப்பிலும் முதல் இரண்டு வாரங்களுக்குப் பழைய நூலின் குறுங்கட்டுரைகளையே இன்னும் எடுத்துக்கொள்கிறேன்.