சாம்பா: மூன்று இயங்குதளங்களுக்கு ஒரே ஷேர், அனுமதிகள் எப்படி?

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலிருந்தும் ஒரே ஃபோல்டரில் எழுத வேண்டுமென்றால் சாம்பாவைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். 1992-இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் முதன்முதலாக வெளியிட்ட இந்தத் திறமூலக் கோப்புப் பகிர்வுச் சர்வர் உறுதியானது, இலவசமானது. ஆனால் அதன் இயல்பு அமைப்பு கூட்டு வேலைக்கு ஏற்றதல்ல.

புதிய கோப்பின் அனுமதிக்கு வரம்பிடும் கிரியேட் மாஸ்க் 0744, புதிய ஃபோல்டருக்கான டைரக்டரி மாஸ்க் 0755 என்றுதான் வருகிறது. கடைசி மூன்று இலக்கங்கள் முறையே உரிமையாளர், குழு, மற்றவர்களுக்கானவை; படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டி வருபவை. ஒருவர் உருவாக்கிய கோப்பை அதே குழுவில் உள்ளவர் படிக்கலாம்; திருத்த முடியாது. "எனக்கு மட்டும் ரீட்-ஒன்லி என்கிறது" என்ற புகார் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஷேர் (நெட்வொர்க்கில் பகிரும்) ஃபோல்டரை ஒரு பொதுக் குழுவின் பெயருக்கு மாற்றி 2770 கொடுங்கள். முதலில் உள்ள அந்த 2 இருந்தால்தான் உள்ளே புதிதாக வருபவை அதே குழுவுக்குச் சேரும். மாஸ்க் என்பது அனுமதியை வெட்டும், சேர்க்காது; சேர்ப்பது ஃபோர்ஸ் மோட். அதனால் கிரியேட் மாஸ்க், ஃபோர்ஸ் கிரியேட் மோட் இரண்டுக்கும் 0660. டைரக்டரிக்கான இரண்டுக்கும் 2770. பழைய கோப்புகள் தானாக மாறாது. அவற்றைத் திருத்தும்போது ஃபோல்டருக்கு 2770, கோப்புக்கு 660 என்று தனித்தனியாகக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் 2770 போட்டால் சாதாரண ஆவணமும் இயக்கக்கூடிய கோப்பாகிவிடும். ஷேருக்குள்ளேயே நகர்த்திய கோப்பு பழைய அனுமதியுடனே போகும். நகலெடுத்தால்தான் புதிய இடத்தின் அனுமதி கிடைக்கும்.

மேக் இருந்தால் அதனுடன் ஒத்துப்போகச் சாம்பாவின் ஃப்ரூட் (fruit), ஸ்ட்ரீம்ஸ் எக்ஸ்ஆட்டர் (streams_xattr) தொகுதிகளை இந்த வரிசையிலேயே சேருங்கள். ஃப்ரூட்டின் என்எஃப்எஸ் ஏசஸ் (nfs_aces) அமைப்பை அணைப்பதும் அவசியம். அது இயல்பாகவே இயக்கத்தில் இருப்பதால், மேக் தன் விருப்பப்படி அனுமதி எண்களை மாற்ற முடிகிறது.

விண்டோஸின் செக்யூரிட்டி டேப்பில் ஆளுக்கொரு உரிமை கொடுக்க, அந்த உரிமைப் பட்டியலைச் சேமிக்கும் ஏசிஎல் எக்ஸ்ஆட்டர் (acl_xattr) தொகுதி உண்டு; நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் லினக்ஸ் பக்கம் யாராவது அனுமதியை மாற்றும் சிஹெச்மோட் (chmod) கட்டளையை ஓட்டினால், சேமித்து வைத்த விண்டோஸ் பட்டியலைச் சாம்பா ஒதுக்கிவிடும். அதிகாரம் ஒரு பக்கம்தான் இருக்க வேண்டும். பேக்கப் எடுக்கும் ஆர்சிங்க் (rsync) கருவியில் பெரிய எழுத்து ஏ, எக்ஸ் (-A, -X) இரண்டு விருப்பங்களும் இல்லையென்றால் இந்த உரிமைகள் நகலில் வராது.

அதே ஃபோல்டரை என்எஃப்எஸ் (யூனிக்ஸ், லினக்ஸ் உலகின் கோப்புப் பகிர்வு முறை) வழியாகவும் திறப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை. வழக்கமான அமைப்பில் அது பயனரை எண்ணால் அடையாளம் காண்கிறது: மேக்கின் முதல் பயனர் 501, பெரும்பாலான லினக்ஸில் 1000. பெயர் ஒன்றாக இருந்தாலும் சர்வருக்கு அவர்கள் இருவர்.