மார்க்டவுனிலிருந்து அச்சகம் வரை: தமிழ்ப் புத்தகத்துக்கு எந்த இன்ஜின்?

தலைப்பு, தடிமன் போன்றவற்றை எளிய குறிகளால் காட்டும் மார்க்டவுனில் எழுதிய தமிழ்ப் புத்தகத்தைப் பிடிஎஃப் ஆக்க, பேன்டாக் என்ற கோப்பு மாற்றும் கருவி போதும். ஆனால் வரிகள் எப்படி உடைகின்றன, கறுப்பு எந்தக் கறுப்பாகப் போகிறது என்பதெல்லாம் பேன்டாக்கின் கையில் இல்லை. பின்னால் ஓடிப் பக்கங்களை அமைக்கும் இன்ஜினைப் பொறுத்தது. நாள்பட்ட பயன்பாட்டில் அச்சுக்கு நிலைத்தது, டெக் என்ற பக்க அமைப்பு நிரலின் வழிவந்த ஸீலாடெக்தான். மற்றவற்றுக்கும் இடம் இருக்கிறது, அதைப் பிறகு பார்ப்போம்.

பேன்டாக் தானாக எடுத்துக்கொள்ளும், அதே குடும்பத்துப் பிடிஎஃப்லாடெக் யூனிகோட் தமிழுக்கு ஆகாது. ஸீலாடெக், ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகம் கொண்டு எழுத்துகளைக் கோப்பதால் கொம்பும் துணைக்காலும் சரியான இடத்தில் விழும். குடும்பத்தின் இன்னொரு இன்ஜினான லுவாலாடெக்கிலும் ஹார்ஃப்பஸ் உண்டு. எழுத்துரு அமைப்பில் ரெண்டரர் மதிப்பாக அதை நாம்தான் குறிப்பிட வேண்டும்.

எழுத்துருவில் பலரும் இடறுவது, எல்லாத் தடிமன்களையும் ஒரே கோப்பில் அடக்கிய வேரியபிள் கோப்பில். கூகிள் ஃபான்ட்ஸில் நோட்டோ செரிஃப் தமிழை இறக்கினால் ஜிப்பைத் திறந்ததும் கண்ணில் படுவது அதுதான். அதை நிறுவினால் தலைப்புகள் தடிமனாக வராமல் போகலாம். உள்ளே ஸ்டேடிக் கோப்புறையில் இருக்கும் ரெகுலர், போல்ட் கோப்புகளை மட்டும் நிறுவுங்கள். டெக்குக்கு மாற்றாக வந்த டைப்ஸ்ட் என்ற இன்ஜினுக்கும் இதே வைத்தியம். இன்னொன்று: நிரல் பகுதிக்குக் கொடுத்த மோனோ (எல்லா எழுத்தும் ஒரே அகலம் கொண்ட) எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் அங்குள்ள தமிழ்க் குறிப்புகள் வெற்றிடமாகவோ கட்டங்களாகவோ அச்சாகும். டெக் நிற்காது, லாக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். டிரேசிங்லாஸ்ட்சார்ஸ் என்ற டெக் அமைப்பின் மதிப்பை 3 என்று வைத்தால் பிழை என்று காட்டி நிறுத்தும். டெக் நிரல்களின் தொகுப்பான டெக்ஸ்லைவில் 2021 முதல் இந்த வசதி இருக்கிறது.

உண்மையான சண்டை வரி உடைப்பில். டெம்மி 1/8 புத்தகம் 5.5 அங்குல அகலம். ஓரங்கள் போக எழுத்துக்குச் சுமார் 105 மிமீதான் மிஞ்சும். 11 புள்ளி அளவில் ‘நடத்தப்பட்டுக்கொண்டிருந்தவற்றையெல்லாம்’ போன்ற சொல் வந்தால் அது ஓரத்தைத் தாண்டி நீட்டும், இல்லையேல் முந்தைய வரி பெரிய இடைவெளிகளோடு பல்லிளிக்கும். கோப்பின் தலையில் வரும் மெட்டாடேட்டாவில் மொழியைத் தமிழ் என்று குறித்தால் அசை பிரிக்கும் விதிகள் ஏறும். டெபியன், உபுண்டு லினக்ஸில் இதற்கு டெக்ஸ்லைவின் ‘லாங் அதர்’ பொதி தேவை. அது இல்லாவிட்டால் சொல் உடையவே உடையாது. விதிகள் ஏறியதும் வரிக்கு வரி சிறுகோடு முளைக்கும். தமிழ்ப் புத்தகங்களில் சொல்லைக் கோடில்லாமலே உடைப்பதுதான் வழக்கம். எழுத்துருவை அமைக்கும் ஃபான்ட்ஸ்பெக் பொதியில் ஹைஃபன்சார் மதிப்பாக, கண்ணுக்குத் தெரியாத ஸீரோ விட்த் நான் ஜாய்னர் குறியைக் கொடுத்தால் கோடு மறையும்.

சொல்லின் முதலிலும் கடைசியிலும் எத்தனை எழுத்து சேர்ந்தே நிற்க வேண்டும் என்ற எண்ணிலும் ஒரு பொறி உண்டு. டெக் எண்ணுவது யூனிகோட் குறிகளை. ‘கா’ அதன் கணக்கில் 2. எனவே 2 என்று விட்டால் ஒற்றை எழுத்து தனியாக அடுத்த வரிக்குப் போய் உட்காரும். இரண்டையும் 4 ஆக்குங்கள். வரியின் சொல் இடைவெளிகளைக் கூடுதலாக நீட்ட இடம்தரும் எமர்ஜென்சிஸ்ட்ரெட்ச்சை 3 எம் (எழுத்து அளவைப் போல் மூன்று மடங்கு) கொடுத்தால் மிச்சப் பிசிறுகளும் பெரும்பாலும் அடங்கும். வரி இடைவெளி 16 புள்ளிக்குக் குறைந்தால் மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் மோதுகிற மாதிரி தெரியும்.

வலைப்பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கும் வீஸிபிரின்ட் வேறு ஜாதி: எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் தெரிந்தவர் அன்றே வேலையைத் தொடங்கலாம். வினா வங்கி, விலைப்பட்டியல், வண்ணப் பெட்டிகள் நிறைந்த கையேடு போன்றவற்றுக்கு இதை அடிக்க ஆளில்லை. 3 மிமீ பிளீடும் (வெட்டுக்கு வெளியே நீளும் வண்ணம்) கிராப் மார்க்கும் (வெட்டும் இடத்தின் குறி) சிஎஸ்எஸ்ஸில் இரண்டே வரி. ஆனால் சிஎஸ்எஸ்ஸில் வழக்கமாக எழுதும் கறுப்பு, திரைக்கான ஆர்ஜிபி. அச்சகத்தில் அதை நான்கு மைகளின் சிஎம்ஒய்கே முறைக்கு மாற்றும்போது நான்கு மையும் சேர்ந்த கறுப்பாகிவிடலாம்; பிளேட் இம்மி நகர்ந்தாலும் சின்ன எழுத்துகளின் விளிம்பில் நிறம் தெரியும். ஒற்றை நிற உள்பக்கங்களென்றால் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பிடிஎஃப் மாற்றும் கருவியில் கிரே ஆக்கி அனுப்புங்கள். ஸீலாடெக்கின் இயல்பான கறுப்பு கிரேதான், அங்கே இந்தத் தலைவலி இல்லை.

டைப்ஸ்டின் வேகத்துக்குப் பழகியவருக்கு டெக்கிடம் திரும்பப் பொறுமை இருக்காது. பிழைச் செய்திகளும் மனிதருக்குப் புரியும் மொழியில் வரும். ஆனால் 2023இல் வெளிவந்த கருவி. பதிப்பு எண் இன்னும் 0 புள்ளியில்தான் தொடங்குகிறது. புதுப் பதிப்புக்கு மாறினால் பழைய வார்ப்புரு உடையலாம், ஆகவே ஒரு புத்தகம் முடியும்வரை பதிப்பை மாற்றாதீர்கள். எக்ஸ்எம்எல்லில் நூல் எழுதும் வடிவமான டாக்புக்கும், அதைப் பிடிஎஃப் ஆக்க உதவும் எஃப்ஓபியும், ஏற்கெனவே எக்ஸ்எம்எல்லில் மூழ்கியிருக்கும் நிறுவனங்களுக்கு மட்டும்.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் பிடிஎஃப்பைச் சோதிக்கும் பாப்லர் கருவிகளில் பிடிஎஃப்ஃபான்ட்ஸ் கட்டளையை ஓட்டி, எழுத்துரு கோப்புக்குள் பொதிந்திருக்கிறதா என்று காட்டும் நெடுவரிசையில் எல்லா எழுத்துருவுக்கும் ‘yes’ இருக்கிறதா பாருங்கள். பிடிஎஃப்இமேஜஸ் பட்டியலில் படங்கள் 300 பிபிஐக்குக் (அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள்) கீழே இருந்தால் மூலப்படத்தைத் தேடுங்கள். மொத்தப் பக்கம் 16இன் மடங்காக, குறைந்தது 8இன் மடங்காக வரட்டும். ஃபாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கத்தொகுப்பு) கணக்கு தப்பினால் வெற்றுத்தாளுக்கும் சேர்த்துத்தான் பில் வரும். அதே பிடிஎஃப்பை மின்னூலாகவும் கொடுப்பதென்றால், ஸீலாடெக்கின் அடித்தளமான ஸீடெக்கில், மூல எழுத்துகளையும் கோப்பில் பதிக்கும் ஆக்சுவல்டெக்ஸ்ட் வசதியை 1 ஆக்கிவிடுங்கள். இல்லையென்றால் தேடும்போதும் நகலெடுக்கும்போதும் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்து மாறி ஒட்டிக்கொள்ளும்.