நூலக பிரிண்ட்எஃப்பா, கையால் எழுதியதா, மறுமுனைக் கணினிக்கே விட்டுவிடுவதா?

இயங்குதளம் எதுவும் இல்லாத ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சில்லில், ஒரு மாறியின் மதிப்பைச் சீரியல் போர்ட் வழியாகப் பார்க்க வேண்டிய தேவை முதல் நாளிலேயே வந்துவிடும். அதற்கு மூன்று வழிகள் உண்டு. சி நூலகத்தோடு வரும், மதிப்புகளை எழுத்தாக்கி அச்சிடும் செயற்கூறான பிரிண்ட்எஃப்பை அப்படியே இணைக்கலாம். தேவையான அளவுக்கு நாமே ஒன்றை எழுதலாம். அல்லது எண்ணை எழுத்தாக மாற்றும் வேலையையே சில்லில் செய்யாமல் மறுமுனையில் இருக்கும் கணினியிடம் ஒப்படைக்கலாம். எது குறைந்த இடம் பிடிக்கும் என்று பார்த்தே பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். நிரல் நிலைகுலையும் நேரத்திலும் எது வாய் திறக்கும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

நூலக வடிவத்தின் பலம் அதன் முழுமை: அகலம், துல்லியம், இடப்பக்கச் சீரமைப்பு, தசமப் புள்ளி கொண்ட மிதவைப் புள்ளி எண்கள் என எல்லாவற்றையும் அது அறியும். அந்த முழுமைக்கு விலையும் உண்டு. சிறு சில்லுகளில் பயன்படும் சி நூலகமான நியூலிப்பின் முழு வடிவம், மிதவைப் புள்ளி எண்ணைத் தசம எழுத்துகளாக்கும்போது ஹீப்பிலிருந்து (ஓடும்போது கேட்டுப் பெறும் நினைவகப் பகுதி) நினைவகம் கேட்கும். சில்லின் நினைவகம் சில கிலோபைட்டாக இருக்கும் இடத்தில், ஓர் அச்சு வரிக்காக ஹீப்பை எழுப்புவது யாரும் எதிர்பாராத பக்கவிளைவு. இதைத் தவிர்க்க வந்த நியூலிப்-நானோவில் மிதவைப் புள்ளி ஆதரவு இயல்பாக இணைக்கப்படுவதில்லை. தொகுத்த துண்டுகளை ஒரே நிரலாகச் சேர்க்கும் இணைப்பியிடம் தனியே கேட்டு வாங்க வேண்டும். ஏவிஆர் சில்லுகளுக்கான ஏவிஆர்-லிப்சி நூலகத்திலும் அப்படித்தான், அங்கே %எஃப் என்ற குறியீட்டின்படி மிதவைப் புள்ளி எண் வர வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் அச்சாகும். சென்சார் பழுது என்று நினைத்து வயரைக் கழற்றி மாட்டியவர்கள் பலர் இருப்பார்கள்.

எதை எப்படி அச்சிட வேண்டும் என்று சொல்லும் வடிவச் சரமும் தரப்படும் மதிப்புகளும் பொருந்துகின்றனவா என்பதை இயங்கும் நேரத்தில் யாரும் சரிபார்ப்பதில்லை என்பது இந்த வழியின் இன்னொரு குறை. 64 பிட் மதிப்பைக் கொடுத்துவிட்டு, சாதாரண முழு எண்ணுக்கான %டி என்று எழுதினால், அதற்குப் பின்வரும் மதிப்புகளும் இடம் மாறி வாசிக்கப்படலாம். ஜிசிசி கம்பைலர் எச்சரிக்கும், எச்சரிக்கையைப் படிப்பது நம் பொறுப்பு.

கையால் எழுதும் வழிதான் எனக்குப் பிடித்தது. இடறி விழ இடமும் இங்கேதான் அதிகம். அடிப்படை எளிது: எண்ணைப் 10-ஆல் வகுத்து, மீதியை எழுத்தாக்கி, ஈவைக் கொண்டு திரும்பவும் வகுக்க வேண்டும். இலக்கங்கள் கடைசியிலிருந்து கிடைப்பதால், ஒரு சிறு இடையகத்தில் சேர்த்துப் பின்னிலிருந்து அச்சிட வேண்டும். 32 பிட் எண்ணுக்கு அதிகபட்சம் 10 இலக்கம், குறிக்கு ஓரிடம். 64 பிட் என்றால் 20 இலக்கம் வரை போகும். கற்பித்தலுக்காக எழுதப்பட்ட எக்ஸ்வி6 இயங்குதளக் கெர்னலின் பிரிண்ட்எஃப் ஏறக்குறைய இவ்வளவுதான். அதைப் படித்துவிட்டுச் சொந்தமாக எழுதத் தொடங்குவது நல்ல வழி.

இடறும் இடம் எதிர்மறை எண். எண் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் கழித்தல் குறியை அச்சிட்டு, எண்ணை நேர்மறையாக்கித் தொடர்வோம். ஆனால் -2147483648-க்கு இணையான நேர்மறை எண் 32 பிட்டில் இல்லை. அதன் குறியை மாற்றுவது மொழி விதிப்படி வரையறுக்கப்படாத செயல்; நடைமுறையில் பெரும்பாலும் அதே எதிர்மறை எண்ணாகவே நிற்கும். அப்போது மீதிகளும் எதிர்மறையாக வர, பூஜ்யம் என்ற எழுத்துக்குப் பின்னால் இல்லாமல் முன்னால் உள்ள எழுத்துகள் அச்சாகும். அளவீடு இல்லை என்பதைக் குறிக்க நான் அந்த எண்ணைப் பயன்படுத்திய ஒரு நிரலில், திரையில் -./,),(-*,( என்று வந்தது. பாட் விகிதம் (சீரியல் போர்ட்டின் வேகம்) தவறு என்று அரை நாள் தேடினேன். முதலில் குறியற்ற எண்ணாக மாற்றி, பிறகு குறியைத் திருப்பினால் சிக்கல் தீர்ந்தது.

வகுத்தலின் செலவையும் கவனிக்க வேண்டும். கார்ட்டெக்ஸ்-எம்0 சில்லில் வகுத்தல் கட்டளையே கிடையாது. ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு நூலகச் செயற்கூறு ஓடும். பெரிய செயலிகளில் கம்பைலர், 10-ஆல் வகுப்பதற்குப் பதிலாக 3435973837-ஆல் பெருக்கி 35 பிட் வலப்பக்கம் நகர்த்திவிடும். மிதவைப் புள்ளியை இந்த வழியில் தொடவே வேண்டாம் என்பேன்: மின்னழுத்தத்தை மில்லிவோல்ட்டாக முழு எண்ணில் வைத்துக்கொண்டு, 1000-ஆல் வகுத்த ஈவு, ஒரு புள்ளி, மூன்று இலக்க மீதி என அச்சிட்டால் போதும். மீதியின் முன்னுள்ள பூஜ்யங்களை விட்டுவிட்டால் மட்டும் 3.045 வோல்ட் 3.45 ஆகிவிடும். லினக்ஸ் கெர்னலும் தனக்கென எழுதிக்கொண்ட வடிவத்தையே பயன்படுத்துகிறது; அதில் மிதவைப் புள்ளி இல்லை, ஆனால் ஐபி முகவரியை அச்சிடத் தனிக் குறியீடு உண்டு.

மூன்றாவது வழியில் வடிவச் சரம் சில்லுக்குள் போவதே இல்லை. ரஸ்ட் மொழியின் பதிவு நூலகமான டிஎஃப்எம்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: சரங்கள் கணினியில் உள்ள ஈஎல்எஃப் கோப்பில் (தொகுத்து முடித்த நிரல் கோப்பு) தங்க, சில்லு சரத்தின் எண்ணையும் மதிப்பையும் மட்டும் அனுப்புகிறது. 1,15,200 பாட் வேகத்தில் ஒரு பைட் செல்ல ஏறத்தாழ 87 மைக்ரோவினாடி ஆகும். 40 எழுத்து வரி ஒன்றுக்குச் சுமார் 3.5 மில்லிவினாடி, அதுவே சரத்தின் எண்ணுக்கு 2 பைட், மதிப்புக்கு 4 பைட் என்றால் அரை மில்லிவினாடிதான். இன்டரப்டுக்குள் (நடக்கும் வேலையை இடைமறித்து ஓடும் நிரல்) அடிக்கடி பதிவு செய்ய வேண்டிய இடத்தில் மற்ற இரண்டும் இதன் அருகில் வர முடியாது. ஆனால் சில்லில் ஓடும் நிரலுக்குரிய அதே ஈஎல்எஃப் கோப்பு கையில் இல்லாவிட்டால், வந்த பைட்டுகளைப் பொருள்கொள்ள வழியில்லை.

சி++20 மொழித் தரத்தின் ஃபார்மட் வசதியும் ரஸ்டின் சொந்த வடிவமைப்பு வசதியும் சரத்தையும் வகைகளையும் தொகுக்கும்போதே ஒப்பிட்டுவிடுகின்றன. அது பெரிய நிம்மதி. சிறு சில்லில் அவை பிடிக்கும் இடத்தை இணைப்பியின் மேப் கோப்பில் (எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்ற பட்டியல்) பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

என் திட்டங்களில் அன்றாடப் பதிவுகளுக்கு மூன்றாவது வழியையும், நிரல் நிலைகுலையும்போது அழைக்கப்படும் செயற்கூற்றுக்குக் கையால் எழுதியதையும் வைத்துக்கொள்கிறேன். அந்தச் செயற்கூறு ஹீப்பைத் தொடுவதில்லை, எந்தப் பூட்டுக்கும் காத்திருப்பதில்லை, இன்டரப்டையும் நம்புவதில்லை. போர்ட் காலியாகும் வரை தானே பார்த்திருந்து ஒவ்வோர் எழுத்தாக வெளியே தள்ளும். பதினாறடிமான எண்ணையும் சரத்தையும் தவிர வேறெதையும் அச்சிட அதற்குத் தெரியாது.